அட்டை இல்லாத நோயாளி

பிப்ரவரி 9

அன்புள்ள மிளகாய்க்கு,

கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பத்தியாவது படி. ஆறு வருஷமாக என் போனை எடுத்த எடுப்பிலேயே துண்டிக்கிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, கிழிப்பதற்குள் நாலு வரி கண்ணில் பட்டுவிடும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் கிளினிக்கில் டோக்கன் பதினான்கு யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர். இங்கே புதிதாகக் கட்டிய எட்டு மாடி அலுவலகத்துக்கு லிஃப்ட் மாட்ட வந்தவர், மூன்று வாரமாக இந்த ஊரில்தான் இருந்திருக்கிறார். கன்னம் வீங்கி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பதிமூன்று பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவை பார்த்த முகம். கல்யாணத்துக்கு நான் வரவில்லையே தவிர போட்டோவும் பார்த்திருக்கிறேன். உன் அண்ணி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே வந்தவர், "மச்சான், பல்லு வலிக்குது. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாமா?" என்றார். நாற்காலியைச் சாய்த்தேன்.

வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. வழக்கமாக இந்த மாதிரிப் பல்லைத் திறந்து, கழுவி, மருந்து வைத்து, ஒரு வாரம் ஆறப்போட்டு, மூன்றாவது தடவைதான் அடைப்பேன். அவருக்கோ மறுநாள் ரயில். மாப்பிள்ளையை அரைகுறையாக அனுப்பினால் உன் வாயில் யார் விழுவது? இரண்டரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்து, ஒரே உட்காரலில் முடித்து அடைத்து அனுப்பினேன். வெளியே பதினைந்தும் பதினாறும் முணுமுணுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரவேற்பில் இருக்கும் அம்மாள் வழக்கம்போல நோயாளி அட்டையை நீட்டினாள். உனக்குத் தெரியுமே, இருபத்திரண்டு கேள்விகள், என்ன வியாதி, என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்று. அதை நிரப்பாமல் எவ்வளவு பெரிய மனுஷரும் என் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "நம்ம வீட்டு மனுஷனுக்கு எதுக்கும்மா அட்டை?" என்று நானே அதைத் திருப்பி அனுப்பினேன். இருபத்தாறு வருஷத்தில் அட்டை இல்லாத நோயாளி அவர் ஒருவர்தான். நான் வேறு எப்படி மரியாதை காட்டுவது, சொல்.

ஐந்து நாள் மாத்திரை எழுதியிருக்கிறேன். ஈறைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 16

பல் மருத்துவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முதல் பத்தியோடு நிறுத்தியிருக்கலாம். முழுவதும் படித்தது என் தப்பு.

என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் அங்கே வந்தது, அவரும் நானும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பேசியாகிவிட்டது. இரண்டு நாள் வீட்டில் நான் பேசினேன், அவர் தலையாட்டினார். பல் வலி இல்லை என்கிறார். அதற்கு நன்றி.

மரியாதையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நம் முன்கூடத்தில் இவர் வீட்டார் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "பையனோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வரட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம்" என்றது யார்? அதற்கு முந்தைய வரனை, சின்ன வயசில் வலிப்பு வந்ததைச் சொல்லவில்லை என்று, "மறைச்சவன் நாளைக்கு எதையும் மறைப்பான்" என்று தெருவில் நின்று கத்தித் திருப்பி அனுப்பியது யார்? அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. நல்லவேளை, இந்த மனுஷனுக்குப் பொறுமை இருந்தது. ரிப்போர்ட் காட்டாமலே என்னைக் கட்டிக்கொண்டார். உங்கள் அட்டை யாருக்கும் தேவைப்படவில்லை.

உங்கள் குரலைக் கேட்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை. இனி எழுதவும் வேண்டாம்.

அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
தங்கை

மார்ச் 4

அண்ணனுக்கு,

இதைக் கொண்டுவருகிற பஸ் டிரைவர் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றவர். காலையில் இங்கே புறப்பட்டு மதியம் உங்கள் ஊருக்கு வருவார். பதிலை மூன்று மணிக்குள் அவரிடம் கொடுத்தால் மாலையே எனக்குக் கிடைக்கும்.

அவருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். முதலில் சளி என்று நினைத்தோம். பிறகு குளிர் நடுக்கம். கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்குகிறார், ஒரு மணி நேரத்தில் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. தெருமுனை டாக்டர் மூன்று விதமான மாத்திரை மாற்றிவிட்டார். சோறு இறங்கவில்லை. வலது தோள் வலிக்கிறது என்கிறார். லிஃப்ட் பெட்டி தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பது புதிதா என்று டாக்டர் கேட்கிறார்.

சமீபத்தில் வேறு சிகிச்சை ஏதாவது உண்டா என்று கேட்டபோது பல் பார்த்ததைச் சொன்னேன். பல்லுக்கும் இதுக்கும் என்னம்மா என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆனால் எனக்கு உறுத்துகிறது. உன் கிளினிக்குக்கு வருவதற்கு முன் இந்த மனுஷன் ஒரு நாள் படுத்ததில்லை. என்ன செய்தாய்? என்ன ஊசி போட்டாய்? சம்பந்தம் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் எழுது.

போன் பண்ணாதே. வீம்புக்குச் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், இப்போது எனக்கு அதற்கு நேரமில்லை.

மார்ச் 4, மதியம்

மிளகாய்,

டிரைவர் வாசலில் நிற்கிறார். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அது தீர்வதற்குள் எழுதுகிறேன்.

முதலில் சொல்லிவிடுகிறேன், என் வேலையில் குறை இல்லை. கருவிகள் எல்லாம் அன்று காலை வேகவைத்தவை. மரத்துப்போகப் போட்ட ஊசி, பிரிக்காத புது ஊசி. பல்லின் எக்ஸ்ரே படம் என் முன்னால்தான் இருக்கிறது, வேர் நுனிவரை அடைப்பு அழகாக நிற்கிறது. எந்தக் கல்லூரியிலும் காட்டலாம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால், நீ கேட்டது இதை இல்லை.

வலது தோள் என்றாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவரைப் படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார். துள்ளுகிறாரா? விக்கல் வருகிறதா? கல்லீரலில் கோளாறு என்றால் சில சமயம் வலி தோளில்தான் தெரியும். தெருமுனை டாக்டரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றை ஸ்கேன் எடு. நாளைக்கே.

வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலில் போய்க் கட்டியாவது உண்டு. ரொம்ப ரொம்ப அபூர்வம். இத்தனை வருஷத்தில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, புத்தகத்தில் நாலு வரி படித்ததோடு சரி. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் வரும் என்று படித்திருக்கிறேன். அதனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி உண்டா?

டீ முடிந்துவிட்டது.

அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

விலாவுக்குக் கீழே தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டார். அன்றைக்கே சேர்த்துவிட்டேன். இது சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு மாடி, ஒரே ஸ்கேன் மெஷின், பெரிய டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மற்ற நாட்களில் சின்ன டாக்டர். அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

கல்லீரலில் கட்டி இருக்கிறது. எலுமிச்சை அளவு. நீ சொன்னது சரி. அசுத்தத் தண்ணீரில் வருகிற அமீபா என்கிறார்கள். வேலை நடக்கிற கட்டடங்களில் கண்ட தண்ணீரைக் குடித்திருப்பார், இது சாதாரணமாக வருவதுதான், மருந்து ஏற்றினால் கரைந்துவிடும் என்கிறார்கள். பல் விஷயத்தைச் சின்ன டாக்டரிடம் திரும்பச் சொன்னேன். இவரோ படுத்தபடியே, "பல்லு சும்மா கிளீன் பண்ணினாங்க சார், அவ்வளவுதான்" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். டாக்டர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

நீ கேட்டதற்குப் பதில், சர்க்கரை இல்லை. எதற்குக் கேட்கிறாய்? மறுபடியும் ரிப்போர்ட் வேண்டுமா?

இரண்டாவது மாடியில் ஜன்னல் ஓரப் படுக்கை. இங்கே லிஃப்ட் வேலை செய்யவில்லை. உன் மாப்பிள்ளைக்கு அந்தக் காய்ச்சலிலும் அதுதான் கவலை. கதவை இயக்குகிற ரிலே சுவிட்ச் போயிருக்கும், நாளைக்கு எழுந்து பார்க்கிறேன் என்கிறார்.

மார்ச் 8

மிளகாய்,

சர்க்கரை இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். நோயாளி உட்காருகிற நாற்காலியில். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

சரி, அப்படியென்றால் அமீபாதான். நாற்பத்திரண்டு வயது, உழைக்கிற உடம்பு, சர்க்கரை இல்லை. அந்த உடம்பில் வாய்க் கிருமி கல்லீரல்வரை போய்க் குடித்தனம் நடத்தாது. உன் சின்ன டாக்டர் மீசை முளைக்காவிட்டாலும் சரியாகத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணிப் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இனித் தேவையில்லை. இன்னொருவர் நோயாளியில் மூக்கை நுழைக்க எனக்கு என்ன வேலை?

அண்ணி கஞ்சிக்குப் பொடி அரைத்து அனுப்புகிறாள். டிரைவரிடம் இருக்கிறது. முழங்கால் பரவாயில்லையாம், நீ கேட்டதை நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

அந்த ஐந்து நாள் மாத்திரையை அவர் முழுவதும் சாப்பிட்டாரா? சும்மா கேட்கிறேன்.

அண்ணன்

மார்ச் 11

அண்ணா,

இதை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு நாள் மருந்து ஏறியும் காய்ச்சல் நிற்கவில்லை. நேற்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். எலுமிச்சையாக இருந்தது மாதுளம்பழம் அளவுக்கு வந்துவிட்டது, பக்கத்தில் சின்னதாக இன்னொன்றும் கிளம்பியிருக்கிறது. மூச்சு இழுத்து இழுத்து விடுகிறார். இன்று காலை என்னைப் பார்த்து, "டீச்சர், பிரேக்க மிதிங்க" என்றார். என்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் என்னைக் கூப்பிடுவது அப்படி. அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் உனக்குப் பொய் எழுதினேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. பதினொரு வருஷமாக. கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார், எங்கள் இரண்டாவது சந்திப்பிலேயே. அவர் மறைக்கிறவர் இல்லை. மறைக்கச் சொன்னது நான். "எங்க அண்ணன் காதுல விழுந்தா இந்தக் கல்யாணம் நடக்காது. எந்த ஜென்மத்துலயும் அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று சத்தியம் வாங்கினேன். அதனால்தான் நீ ரிப்போர்ட் கேட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை, நான் எழுந்து சண்டை போட்டேன். அதனால்தான் உன் நாற்காலியில் படுத்திருந்தபோதும் அவர் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கு. உன் ஊரில் இருந்த மூன்று வாரமும் சர்க்கரை மாத்திரையை நட்டு போல்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார், கூட வேலை செய்கிறவன் பார்த்து உன் காதுக்குப் போய்விடுமோ என்று. அதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நீ கொடுத்த மாத்திரையும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார், வலி நின்றதும் மீதி அப்படியே.

ஆஸ்பத்திரியில் சர்க்கரையைச் சொல்லியிருக்கிறேன், அதற்கு இன்சுலின் போடுகிறார்கள். உன்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

திட்டுவதை அப்புறம் திட்டு. என்ன செய்யட்டும் சொல். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிற வண்டியைத்தான் நான் தினமும் ஓட்டுகிறேன். இந்த வண்டியில் இல்லை.

மார்ச் 11, மதியம்

மிளகாய்,

உனக்கு இது வந்து சேர்வதற்குள் உன் வார்டில் எல்லாம் மாறியிருக்கும். உன் கடிதத்தைப் படித்து முடித்த அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். சின்ன டாக்டர் பிடி கொடுக்கவில்லை. பெரிய டாக்டரம்மாவின் வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினேன். அவரிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். அவரிடம் சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன்.

பெரிய சீழ், ஒரே உட்காரலில் அடைத்தேன் என்று சொன்னேன். அதைக் காலி செய்து ஆறவிடாமல் மூடியது தப்பு என்று சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "பல்லைத் திறந்தப்போ என்ன வாடை வந்துச்சு, டாக்டர்?" அழுகல் வாடை, முகமூடியையும் தாண்டி வந்தது என்றேன். அமீபா கட்டியில் அந்த வாடை இருக்காதாம். ஊசி போட்டுச் சீழை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வாய்க் கிருமி என்றால் இப்போது ஏறுகிற மருந்து அதற்குப் போதாது, இன்றைக்கே குழாய் வைத்து வடிக்கிறேன் என்றார். பிறகு, "இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். நான் ஒரு நொடி பேசவில்லை. உன் வீட்டுக்காரர் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது நான் என் பெயர்ப் பலகையை நினைத்தேன். அந்த ஒரு நொடியை உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை. எழுதி, முத்திரை போட்டு, பல்லின் படத்தோடு டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். நேரே டாக்டரம்மா கையில் கொடு.

இனி, அவரிடம் சொல்லாதது. நீ பொய் எழுதியதாக எழுதியிருக்கிறாய். நான் பொய்கூட எழுதவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு மாப்பிள்ளையின் ஈறைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டதும் ரத்தம், வீக்கம், இரண்டு பல் ஆட்டம். அந்த வயதில் அப்படி ஒரு ஈறு இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் நீ என்ன நினைப்பாய்? ஆறு வருஷம் கழித்தும் இவன் ரிப்போர்ட்தான் கேட்கிறான் என்பாய். தானாக வந்த மனுஷன் எழுந்து போய்விட்டால் உன்னை இனி எந்தக் காலத்தில் பார்ப்பது? அட்டையைத் திருப்பி அனுப்பியது மரியாதைக்காக என்று பெருமையாக எழுதினேன். அதில் ஏழாவது கேள்வி சர்க்கரை. அதற்கு அவர் பதில் எழுதிவிடுவாரோ என்ற பயத்தில்தான் அனுப்பினேன்.

தெரிந்தே கேட்காமல் விட்டேன். உன் பதிலைப் படித்து நிம்மதியாகச் சாய்ந்ததும் தெரிந்தேதான். உள்ளுக்குள் நம்பவில்லை. நம்பினால் எனக்கு வசதி, அதனால் நம்பினேன்.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான்

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

மார்ச் 13

அண்ணனுக்கு,

பதினொன்றாம் தேதி மாலையே குழாய் வைத்தார்கள். விலாவுக்கு நடுவே ஒரு துளை, அதிலிருந்து ஒரு பை. பழுப்பாக வடிந்தது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கே வாடை அடித்தது. டாக்டரம்மா வெளியே வந்து உன் காகிதத்தை மறுபடி படித்தார். மருந்தை மாற்றிவிட்டார்கள். இன்று பரிசோதனைக்கூடத்திலிருந்து தகவல் வந்தது, சங்கிலி மாதிரிக் கோத்துக்கொண்டு வளர்கிற கிருமியாம், வாயில் இருப்பதுதான். இருதயத்துக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். போகவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்கள். காய்ச்சல் நூற்று மூன்றிலிருந்து நூற்று ஒன்றுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எந்தப் பல் டாக்டரும் தன் கையால் இப்படி எழுதிக்கொடுத்து நான் பார்த்ததில்லை, இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் கட்டி உள்ளேயே உடைந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. உன்னைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் அவர் ஈறை நீ பார்த்திருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என்னை முப்பத்திரண்டு வயதுவரை வீட்டில் உட்காரவைத்த வாய், ஊரில் ஒருத்தரை விடாமல் விசாரித்த வாய், கேட்க வேண்டிய ஒரே ஒரு நாளில் கேட்கவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டாய், கேட்க வேண்டிய இடத்தில் விட்டாய். நான் என் பங்குக்கு ஒரு நல்ல மனுஷனின் வாயைக் கட்டிப்போட்டேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அவரை இந்தக் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறோம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பல் வலித்தது, வந்தார்.

நீ இங்கே வராதே. வந்தால் உன்னைத் திட்டுவேனா கட்டிக்கொண்டு அழுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் வார்டில் செய்ய முடியாது.

மார்ச் 15

நேற்று கண் விழித்தவர் என்னைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுட்ட?" என்றார். இன்று காலை பசிக்கிறது என்றார். காய்ச்சல் இல்லை. அண்ணியின் கஞ்சிப் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன்.

உன்னைத் தவிக்கவிடக் கூடாது என்று எழுதுகிறேன், வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 22

மிளகாய்,

"பசிக்கிறது" என்ற வார்த்தையை உன் அண்ணிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். நாலாவது தடவை அவளே வாங்கிப் படித்தாள்.

வரவில்லை. நீ சொல்லாமல் அங்கே வர மாட்டேன்.

கிளினிக்கைப் பத்து நாளாகத் திறக்கவில்லை. வரவேற்பு அம்மாள் தினமும் வந்து பூட்டின ஷட்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறாள், வருகிறவர்களிடம் டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்கிறாள். பொய்யும் இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பல் வலியோடு வந்தார், அவருக்காகத் திறந்தேன். கண்ணாடியை வாய்க்குள் விட்டதும் வெளியே எடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு டாக்டரிடம் அனுப்பினேன். இத்தனை நாள் என் கண்ணை நம்பி வேலை செய்தேன். கண்ணில் பட்டதையே ஒளித்துவைக்கிற ஆள் என்று தெரிந்த பிறகு எதை நம்பி ஒருவர் வாயில் கை வைப்பது? விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்.

இதோடு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அன்றைக்குத் திருப்பி அனுப்பியதுதான், வரவேற்பு அம்மாள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். மாப்பிள்ளை இனி எந்த ஊரில் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் இதைப் போல ஒன்றைக் கேட்பார்கள். நிரப்பிக் கொடுக்கச் சொல். கேட்காத டாக்டரிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்.

மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அகப்படவில்லை.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். குழாயை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரம் மாத்திரை, நான் பக்கத்தில் நின்று விழுங்கவைக்கிறேன், வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். ஒன்பது கிலோ குறைந்துவிட்டார். வருகிற வழியில் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் கதவைத் திறந்து பார்க்காமல் நகரவில்லை. ரிலேதானாம். சொன்னேன்ல என்கிறார்.

நீ அனுப்பிய அட்டையை அவரே நிரப்பினார். ஏழாவது கேள்விக்கு "பதினொரு வருஷம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார். கடைசியில் 'டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு விஷயம்' என்று இருக்கிறதே, அதில், 'மனைவிக்கும் மச்சானுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்' என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

இன்னோர் அட்டையும் இருக்கும், பார். நீ அனுப்பியதைப் பார்த்து நானே கோடு போட்டு எழுதியது. என்னுடையது. மேல் வரிசையில் ஒரு பல் டிசம்பரிலிருந்து வலிக்கிறது. இங்கே மூன்று பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், நான் போகவில்லை. அண்ணன் ஊரில் பெரிய டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறேன், வேறு ஒருவரிடம் எந்த முகத்தோடு போவது? இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுவதை எழுதியிருக்கிறேன், அது உனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் முன்பு ஒரு குழந்தை மூன்றாம் மாதத்தில் கலைந்ததை எழுதியிருக்கிறேன், அதுவும் உனக்குத் தெரியாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும், சின்ன வயசில் நீதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, பாதி இருக்கிறது. உன் கோபம் பாதி இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் விற்கிறேன் கிற்கிறேன் என்கிற பேச்சை விடு. என்னிடம் படிக்கிறவர்கள் வண்டியைச் சுவரில் இடித்துவிட்டு இனி ஓட்ட மாட்டேன் என்று அழுவார்கள். அப்படிப்பட்டவர்களை அன்றைக்கே மறுபடி உட்காரவைத்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினால் பிறகு ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார்கள். உனக்கு ஏற்கெனவே மூன்று வாரம் தள்ளிவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஷட்டரைத் திறந்து வை. நான் வரிசையில்தான் உட்காருவேன், டோக்கன் எடுத்துக்கொண்டு. நம்ம வீட்டுப் பொண்ணு என்று முன்னால் விடாதே, அட்டையைத் திருப்பி அனுப்பாதே. என் முறை வந்ததும் வரவேற்பு அம்மாளை விட்டுக் கூப்பிடாதே, கதவைத் திறந்து நீயே கூப்பிடு. ஆறு வருஷமாக நான் கேட்காத குரல்.

நாற்காலியில் சாய்த்த பிறகு, அட்டையில் இருந்தாலும் பரவாயில்லை, இருபத்திரண்டு கேள்வியையும் என்னிடம் வாய்விட்டுக் கேள். பதில் சொல்கிறேன்.

உன்
மிளகாய்